பூனைக்கு முதலில் ஓர் அறை போதும்: ஒரு தத்தெடுப்பின் நிகழ்வு ஆய்வு

விலங்குக் காப்பகம் ஒன்றில் தத்துக் கொடுக்கும் பணியைப் பார்த்துக்கொள்கிறேன். கொடுப்பதற்கு முன் வீட்டைப் போய்ப் பார்ப்பதும், கொடுத்த பிறகு தொடர்ந்து விசாரிப்பதும் என் பொறுப்பு. பூனை வளர்த்துப் பழக்கமில்லாத, ஆனால் மிகுந்த அக்கறையுள்ள ஒரு குடும்பத்துக்கு வயது வந்த பூனையைக் கொடுத்தபோது நடந்ததைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

பூனைக்கு ஏறத்தாழ 5 வயது. சாம்பல் நிறத்தில் கருங்கோடுகள் கொண்ட பெண் பூனை. கருத்தடை முடிந்து, தடுப்பூசிகளும் போட்டாயிற்று. அதுவரை தனியாக வாழ்ந்த ஒரு முதியவரோடு இருந்திருக்கிறது. அவர் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தபோது, வைத்துக்கொள்ள ஆளில்லாமல் எங்களிடம் வந்தது. எடை 5.4 கிலோ, அதன் உடல்வாகுக்கு இது அதிகம் என்று மருத்துவர் குறித்திருந்தார். அந்தக் குறிப்பு பின்னால் எங்களுக்குப் பெரிதும் உதவியது.

காப்பகக் கூண்டில் பகலெல்லாம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஆட்கள் போன பிறகு வெளியே வந்து சாப்பிடும். சீறியதும் இல்லை, கீறியதும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் “ரொம்பச் சாது” என்பார்கள். பயத்தில் உறைந்து கிடக்கும் பூனையும் வெளிப்பார்வைக்குச் சாதுவாகத்தான் தெரியும். அதனால் இந்தச் சொல்லை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

தத்தெடுத்த குடும்பத்தில் நான்கு பேர்: கணவன், மனைவி, 9 வயது மகள், கணவரின் தாயார். மூன்றாவது மாடியில் குடியிருப்பு. கணவர் சிறுவயதில் நாய் வளர்த்தவர். பூனை யாருக்கும் புதிது. பூனை வேண்டும் என்று கேட்டது மகள். ஆனால் குட்டி வேண்டாம், வளர்ந்த பூனையே போதும் என்று முடிவெடுத்தது பெரியவர்கள். குட்டிகளையே எல்லோரும் கேட்கும் இடத்தில் அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வீட்டில் கண்டவை

நான் போனபோது வீடு தயாராக இருந்தது. கூடத்தின் நடுவில் உயரமான பூனைக் கோபுரம், மெத்தை, ஒரு கூடை நிறைய பொம்மைகள். மூடி போட்ட லிட்டர் பெட்டி (பூனை மலசலம் கழிப்பதற்கான மண் பெட்டி) பால்கனியில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். சாப்பாட்டுக் கிண்ணமும் தண்ணீர்க் கிண்ணமும் அதை ஒட்டியே. மேசையில் ஒரு பூங்கொத்து. வரப்போகும் பூனையை வரவேற்க மகளே தேர்ந்தெடுத்த பூக்களாம்.

அந்தப் பூங்கொத்தில் லில்லி இருந்தது. முதலில் அதைத்தான் அப்புறப்படுத்தச் சொன்னேன். லில்லி இனப் பூக்கள் பூனையின் சிறுநீரகத்தை அழிப்பவை. இதழைக் கடித்தால்தான் ஆபத்து என்றில்லை. முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். நாய்க்கு இதே பூவால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். நாய் வளர்த்த அனுபவத்தை வைத்துப் பூனைக்கு வீட்டைத் தயார் செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. மகளின் முகம் வாடிவிட்டது. பூனைக்கு எந்தச் செடி ஆகும், எது ஆகாது என்று பார்த்து எழுதும் பொறுப்பை அவளிடமே கொடுத்தோம். சைகஸ் செடி ஒன்று பால்கனியில் இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். அது பூனை, நாய் இரண்டுக்குமே கொடிய நஞ்சு. அதுவும் வெளியேறியது.

பாட்டியின் மேசையில் மாத்திரைகள் திறந்தபடியே இருந்தன. மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று பூனையைக் கொன்றுவிடக்கூடும். அந்த மருந்தைப் பாதிப்பின்றிக் கழிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. அதே மேசையில் தையல் கூடையும் இருந்தது. நூலைப் பூனை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி இழுத்து அறுத்துவிடக்கூடும். ஊசி கோத்த நூல் இன்னும் மோசம். இரண்டும் மூடியுள்ள டப்பாக்களுக்குள் போயின.

அடுத்தது சன்னல்கள். ஒன்றிலும் வலை இல்லை. “பூனைதானே, விழாது” என்றார் கணவர். பலரும் சொல்வது இது. 1987 இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று, கட்டடங்களிலிருந்து விழுந்து 5 மாத காலத்தில் ஒரே மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றியது. சிகிச்சை பெற்றவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன என்பதுதான் அதில் அதிகம் பேசப்படுகிறது. விழுந்தன என்பது மறந்துபோகிறது. சன்னல்களுக்கும் பால்கனிக்கும் கம்பி வலை அடித்து முடிக்கும்வரை பூனையைத் தர இயலாது என்று சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முக்கியமான முடிவு ஒன்றுதான்: வீடு முழுவதையும் திறந்துவிடாமல், முதலில் ஓர் அறையை மட்டும் பூனைக்குக் கொடுப்பது.

மனைவிக்கு இது வருத்தமாக இருந்தது. “வீடு முழுக்க அதுக்காகத்தானே அக்கா ரெடி பண்ணோம், ஒரே ரூம்ல அடைச்சு வைக்கணுமா?” என்றார். நியாயமான கேள்வி. நமக்கு விசாலமான இடம் விடுதலை. பயந்திருக்கும் பூனைக்கோ அது எங்கிருந்து எது வரும் என்று தெரியாத வெளி. தன் வாசனை படிந்த எல்லைக்குள்தான் பூனைக்குத் தைரியம். புது வீட்டில் அதன் வாசனை எங்குமே இல்லை. சின்ன இடத்தில் நான்கு மூலைகளையும் சீக்கிரம் அறிந்து, கன்னத்தை உரசித் தன் வாசனையைப் பதித்துவிடும். அதற்குப் பிறகு கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற ஆர்வம் தானாக வரும்.

கணினி வைத்திருந்த சிறிய அறையைத் தேர்ந்தெடுத்தோம். அலமாரிக்குப் பின்னால் இருந்த இடைவெளியை அட்டை வைத்து அடைத்தோம். ஒளிந்துகொள்ளும் இடம் வேண்டும், ஆனால் நம் கை எட்டாத இடமாக இருக்கக்கூடாது. காப்பகத்தில் பயன்படுத்திய அதே அட்டைப்பெட்டியையும், துவைக்காத அதே துணியையும் கொடுத்தனுப்ப முடிவு செய்தோம். லிட்டர் மண்ணும் உணவும்கூட அதே வகைதான். குடும்பத்தார் வேறு நல்ல உணவாக வாங்கி வைத்திருந்தார்கள். பூனை நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு, அதை ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம் என்றேன். இடம், ஆள், உணவு, மண் என எல்லாம் ஒரே நாளில் மாறினால் எதனால் சாப்பிடவில்லை என்று நமக்கே தெரியாமல் போகும்.

பெட்டி கொடுத்தால் அதற்குள்ளேயே இருந்துவிடாதா என்று கணவர் தயங்கினார். நெதர்லாந்தில் 2014 இல் வெளியான ஆய்வு ஒன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளியப் பெட்டி கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளே விரைவில் அழுத்தம் தணிந்து இயல்புக்கு வந்தன. ஒளிய முடிந்த பூனைதான் வெளியே வரும். இதைச் சொன்ன பிறகு அவர் மேலும் ஒரு பெட்டியைத் தேடி எடுத்து வந்து வாசல் வெட்டினார்.

முதல் இரவும் அடுத்த நாளும்

வார இறுதிக்கு முந்தைய மாலையில் பூனையை ஒப்படைத்தோம். துணி போர்த்திய கேரியரை (பூனையைக் கொண்டுசெல்லும் கூண்டுப் பெட்டியை) அறையில் வைத்து, கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும் என்று முன்பே பேசியிருந்தோம். அப்படியே செய்தார்கள். எட்டிப் பார்க்கக்கூடாது என்பதை மகள் சரியாகக் கடைப்பிடித்தாள். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கொண்டாள், அவ்வளவுதான்.

காலையில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. உணவு அப்படியே இருந்தது. லிட்டர் மண்ணில் தடமே இல்லை. முதல் இரவில் இது வழக்கம்தான். மதியம் வரையிலும் மாற்றம் இல்லை என்றதும் மனைவி அழைத்தார்.

ஏற்கெனவே ஓர் எல்லை வகுத்திருந்தோம்: 24 மணி நேரம் எதுவுமே சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் பேச வேண்டும். பூனை பட்டினி கிடப்பது நாய் பட்டினி கிடப்பதைப் போன்றதன்று. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடல் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பத் தொடங்கும். கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாமல் கொழுப்பு தேங்கி, உயிருக்கே ஆபத்தாகும். எடை கூடிய பூனைக்கு இந்த அபாயம் அதிகம். 5.4 கிலோ என்ற அந்த எண் காரணமாக, பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று விட்டுவிடும் எண்ணம் எங்களில் யாருக்கும் எழவில்லை.

மாலையில் நான் போய் அறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சுவர் அதிர்ந்தது. கணினி அறைக்கும் பால்கனிக்கும் பொதுவான சுவர் அது. அந்தப் பக்கம் துவைக்கும் இயந்திரம் பிழியும் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் பூனையின் காதுகள் பக்கவாட்டில் படிந்தன, உடல் இன்னும் தாழ்ந்தது. வீட்டாருக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்க் காதில் விழுவதே இல்லை. பூனையின் கேட்கும் திறன் நம்முடையதைவிட மிகவும் விரிந்தது. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு முடிகிறது, பூனைக்கு 60ஐத் தாண்டியும் கேட்கும். புது வீட்டில் அன்றாட ஓசையே அதற்குப் பெரிய செய்தி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அறை சிறியது என்பதால் உணவுக் கிண்ணம் லிட்டர் பெட்டிக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. மலம் கழிக்கும் இடத்தின் அருகே பூனைகள் சாப்பிட விரும்புவதில்லை. லிட்டர் பெட்டியில் மூடியும் இருந்தது. மூடியை ஏற்றுக்கொள்ளும் பூனைகள் உண்டு, ஆனால் காப்பகத்தில் இது பயன்படுத்தியது திறந்த தட்டு.

அன்று மாலை மாற்றியவை இவை: துவைக்கும் இயந்திரத்துக்குச் சில நாள் ஓய்வு, லிட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி எதிர் மூலைக்கு நகர்த்தியது, உணவை அட்டைப்பெட்டிக்கு அருகிலேயே, அறைக்கு முதுகு காட்டாமல் சாப்பிடும்படி வைத்தது. ஈர உணவைச் சிறிது வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தோம், வாசனை எழும் என்பதற்காக. மருத்துவரிடமும் பேசினோம். கேரியரில் அடைத்துக் கொண்டுபோவதும் ஓர் அதிர்ச்சிதான் என்பதால், மறுநாள் காலைவரை பார்க்கலாம், அதற்குள் சாப்பிடவில்லை என்றால் கட்டாயம் அழைத்துவர வேண்டும் என்றார்.

இரவு வீடு அடங்கிய பிறகு பாதிக் கிண்ணம் காலியாகியிருந்தது. லிட்டர் மண்ணில் சிறுநீர்க் கட்டி ஒன்று. காலை ஆறு மணிக்கு அதன் படத்தை எனக்கு அனுப்பினார் கணவர். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே புரியும் மகிழ்ச்சி அது.

முதல் வாரம்

அடுத்த நாள்களில் பூனையை வெளியே வரவழைத்தது பாட்டி. யாரும் அதைத் திட்டமிடவில்லை. பகலில் மற்றவர்கள் இல்லாதபோது அவர் அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை வாய்க்குள் முணுமுணுத்தபடி படிப்பார். பூனையைக் கூப்பிடுவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. மூன்றாம் நாள் அவர் காலருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. ஐந்தாம் நாள் கணுக்காலில் கன்னத்தை உரசியது. முன்பு முதியவரோடு வாழ்ந்ததால்தான் இப்படி என்று குடும்பத்தார் நம்பினார்கள். இருக்கலாம். என் கணிப்பு வேறு: அந்த வீட்டிலேயே பூனையிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் அசையாது உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மகளுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். பூனை கேட்டது அவள், பூனை போனதோ பாட்டியிடம். அவளுக்கு மெதுவாகக் கண் சிமிட்டக் கற்றுக்கொடுத்தேன். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2020 இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் மெல்லக் கண்ணை மூடித் திறந்தால் பூனைகளும் அப்படியே பதில் தருவதையும், அவர் நீட்டும் கையை நோக்கி வரும் வாய்ப்பு கூடுவதையும் கண்டார்கள். தூரத்தில் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து அவள் செய்து பார்த்தாள். “அம்மா, அது எனக்குக் கண்ணடிச்சுது!” என்று ஓடிவந்தாளாம்.

வார முடிவில் மருத்துவப் பரிசோதனை. எடை 5.3 கிலோ, பயப்பட ஒன்றுமில்லை. தோலுக்கடியில் பொருத்தியிருந்த அடையாள மைக்ரோசிப்பை அங்கே வாசித்துப் பார்த்தபோது 15 இலக்க எண் சரியாக வந்தது, ஆனால் அதோடு பதிவாகியிருந்தது பழைய உரிமையாளரின் தொலைபேசி எண். சிப் இருக்கிறது என்ற நிம்மதியில் இதைப் பலரும் பார்ப்பதில்லை. அன்றே மாற்றப்பட்டது.

ஒன்பதாம் நாள்

பூனை கதவருகே வந்து நிற்கத் தொடங்கியிருந்தது. அதனால் ஒன்பதாம் நாள் அறைக் கதவைத் திறந்துவைத்தார்கள். அதே நாள் மாலை உறவினர்கள் பூனையைப் பார்க்க வந்தார்கள், அவர்களில் இரண்டு சின்னப் பிள்ளைகள். கூடத்தில் இருந்த பூனையைச் சூழ்ந்துகொண்டதும் அது பாய்ந்தது. அதற்கும் கணினி அறைக்கும் நடுவில் ஆட்கள். ஓடிப்போய்ச் சமையலறையில் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் நுழைந்துவிட்டது. பெட்டியை நகர்த்திப் பிடிக்க முயல வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னேன். விருந்தினரை அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து, கணினி அறைவரை வழியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் தானாகவே வந்தது. வரும் வழியில் மகளின் மெத்தையில் சிறுநீர் கழித்திருந்தது.

இந்த இடத்தில்தான் பல தத்தெடுப்புகள் முறிகின்றன. வேண்டுமென்றே செய்கிறது, பழிவாங்குகிறது என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். பூனை பழிவாங்குவதில்லை. பயத்தினால் கழித்திருக்கலாம், சிறுநீர்ப்பை அழற்சியாகவும் இருக்கலாம். பூனைகளில் மன அழுத்தமே அந்த அழற்சியைத் தூண்டக்கூடியது. அதனால் திட்டுவதையும் மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பதையும் பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல், முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தோம். இரத்தமோ படிகமோ இல்லை. மெத்தையை நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் சுத்தம் செய்தார்கள். அம்மோனியா உள்ளவற்றைத் தவிர்க்கச் சொன்னேன், அவற்றின் நெடி பூனைக்குச் சிறுநீரையே நினைவூட்டும்.

அப்புறம் கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. தண்டனை போல இருக்கிறதே என்று மகள் அழுதாள். மறுநாள் பூனை அந்த அறையில் மல்லாந்து தூங்குவதைப் பார்த்த பிறகு சமாதானமானாள். இந்த முறை வேறுவிதமாகத் திறந்தோம். ஆள் குறைவான நேரத்தில் கூடம் மட்டும். மற்ற அறைகள் சாத்தியபடி. கணினி அறைக்குத் திரும்பும் வழியில் யாரும் நிற்கக்கூடாது. கூடத்தில் இரண்டாவது லிட்டர் தட்டு வந்தது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வைப்பது பொதுவான பரிந்துரை; ஒரே பூனைக்கு இரண்டு எதற்கு என்று கேட்டவர்கள் இப்போது கேட்கவில்லை. கோபுரத்தைக் கூடத்தின் நடுவிலிருந்து சுவரோரம், சன்னல் பக்கம் நகர்த்தினார்கள். அதுவரை அதைத் தொடாத பூனை இரண்டு நாளில் மேல்தட்டில் உட்கார்ந்தது.

விளைவு

மூன்று மாதம் முடிந்தபோது பூனை வீடு முழுக்க நடமாடியது. அந்த ஒருமுறைக்குப் பிறகு தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கவில்லை. மருத்துவர் சொன்னபடி அளந்து கொடுத்ததில் எடை மெல்ல 5 கிலோவுக்கு வந்திருந்தது. துவைக்கும் இயந்திரம் ஓடினால் இன்னும் அந்தப் பக்கம் போவதில்லை, ஆனால் சாப்பாட்டை நிறுத்துவதும் இல்லை. இயந்திரத்தைப் போடும் முன் உள்ளே பூனை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. மாலையில் மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது நோட்டின் மேல் வந்து படுத்துக்கொள்கிறதாம். புதிய ஆட்கள் வந்தால் கணினி அறைக்குள் போய்விடும், போன பிறகு வரும். அதை மாற்ற வேண்டியதில்லை என்று குடும்பத்தார் முடிவு செய்திருக்கிறார்கள். நானும் அதையே விரும்பினேன்.

இதன் பிறகு மாற்றியவை

வீட்டைப் பார்க்கப் போகும்போது, பூனைக்கென ஒதுக்கும் அறையில் இப்போது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறோம். இயந்திரம், மோட்டார், மின்தூக்கி எது ஓடினாலும் அந்த நேரத்தில் ஓடவிட்டே பார்க்கிறோம். உணவும் லிட்டரும் எதிரெதிர் மூலையில் அமையாத அளவுக்கு அறை சிறியதென்றால் வேறு அறை கேட்கிறோம்.

ஒப்படைத்த 20 மணி நேரத்துக்குள் நாங்களே அழைத்து, சாப்பிட்டதா, சிறுநீர் கழித்ததா என்ற இரண்டை மட்டும் கேட்கிறோம். அவர்கள் அழைக்கட்டும் என்று விடுவதில்லை. தயங்கியே ஒரு நாளைக் கடத்திவிடும் குடும்பங்கள் உண்டு. எடை கூடிய பூனை என்றால் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதித் தருகிறோம்.

கதவைத் திறக்கும் நாளை இத்தனையாவது நாள் என்று சொல்வதை விட்டுவிட்டோம். அறையில் ஆள் இருக்கும்போது சாப்பிடுகிறதா, வாலை உயர்த்தி நடக்கிறதா, கதவருகே வந்து நிற்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். மூன்றும் சில நாள் தொடர்ந்து தெரிந்தால் திறக்கலாம். திறக்கும் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு விருந்தினர் வேண்டாம் என்பதைத் தத்து ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறோம். வாய்மொழியாகச் சொன்னால் உறவினரிடம் மறுப்பது சங்கடம். ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று காட்டினால் எளிதாக இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள்.